தளபதி என்ற ஒரு சொல் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். படையையும் கப்பலையும் நடத்துவோருக்கு வழங்கும் பெயர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செய்தி எழுதுவோர் இப்பெயர்கள் அனைத்தையும் 'தளபதி' என்ற ஒன்றுக்குள் அடைத்துவிடுவது எனக்கு நெடுநாளைய வருத்தம். ஒருவர் எதற்குப் பொறுப்பாளர், யாருக்குக் கீழ் நின்று ஆணையிடுகிறார் என்ற விவரம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருப்பதால், பெயர் மங்கினால் செய்தியும் மங்கிவிடுகிறது.

'கேப்டன்' என்பதையே எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. நம்முடைய 'தலைவர்' உருவானதும் அப்படித்தான். இந்தியத் தரைப்படையில் கேப்டன் என்பவர் லெப்டினன்டுக்கு மேலும் மேஜருக்குக் கீழும் உள்ள அதிகாரி. கடற்படையிலோ கேப்டன் தரைப்படைக் கர்னலுக்கு நிகரானவர், அதாவது மூன்று படி உயர்ந்தவர்; பெரிய போர்க்கப்பலை அவரிடம் ஒப்படைப்பார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. சிறிய போர்க்கப்பல் ஒன்றை லெப்டினன்ட் கமாண்டர் நடத்தினால், பதவியில் அவர் கேப்டன் அல்லர் என்றாலும், அந்தக் கப்பலில் உள்ளவர்களுக்கு அவரே கேப்டன். தோள்பட்டை காட்டுவது பதவியை. கப்பலில் வழங்கும் பெயர் காட்டுவது பொறுப்பை. 'கடற்படைத் தளபதி' என்று மட்டும் எழுதிவிட்டால், கடற்படை முழுவதற்கும் தலைவரான அட்மிரலா, ஒரு கப்பலை நடத்துபவரா என்பது கேட்பவருக்கு எப்படி விளங்கும்?

மேஜர் லெப்டினன்டை விட உயர்ந்தவராக இருக்கும்போது, லெப்டினன்ட் ஜெனரல் மட்டும் மேஜர் ஜெனரலுக்கு மேலே இருப்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. விடை பழைய ஐரோப்பியப் படைகளில் இருக்கிறது. லெப்டினன்ட் என்றால் பிரெஞ்சு மொழியில் 'இடத்தில் இருப்பவர்'. தலைமை ஜெனரல் இல்லாதபோது அவருடைய இடத்தில் நின்று ஆணையிடுபவரே லெப்டினன்ட் ஜெனரல். அவருக்கு அடுத்து நின்றவருக்கு 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்' என்று பெயர். காலப்போக்கில் முன்னிருந்த 'சார்ஜன்ட்' உதிர்ந்து போயிற்று. வரிசை மட்டும் மாறவில்லை.

'அட்மிரல்' அரபு மொழியின் 'அமீர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அமீர் என்றால் ஆணையிடுபவர். அதில் கடல் என்ற பொருளே கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர்களின் அவையில்தான் அந்தப் பட்டம் கப்பற்படையோடு நெருங்கிச் சேர்ந்தது.

பழந்தமிழ் அரசர்கள் படைத்தலைவருக்கு 'ஏனாதி' என்ற பட்டமும், அதற்கு அடையாளமாக ஒரு மோதிரமும் அளித்தார்கள். ஏனாதி திருக்கிள்ளி என்பவன் புறநானூற்றில் பாடப்பட்டிருக்கிறான்.

பட்டம் ஒருவரிடமும் ஆணை இன்னொருவரிடமும் இருந்த காலமும் உண்டு. பண்டைய ஸ்பார்ட்டாவில் கப்பற்படைத் தலைவருக்கு 'நவார்க்' என்று பெயர். ஒருவர் இருமுறை அந்தப் பதவியை வகிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஏதென்ஸோடு நடந்த நெடும்போரின் இறுதிக் கட்டத்தில், முன்பு நவார்க்காக இருந்த லைசாண்டரையே மீண்டும் அனுப்ப வேண்டும் என்று நட்பு நாடுகள் வற்புறுத்தின. ஸ்பார்ட்டா சட்டத்தையும் மீறவில்லை, வேண்டுகோளையும் தள்ளவில்லை: அராக்கஸ் என்பவரை நவார்க் ஆக்கி, லைசாண்டரை அவருக்குத் துணைவராகப் பெயரளவில் அமர்த்தி, கப்பல்களை லைசாண்டரின் கையில் கொடுத்தது. கி.மு. 405இல் ஏகோஸ்பொட்டமி என்ற இடத்தில் ஏதென்ஸின் கப்பற்படையை ஏறக்குறைய முழுவதுமாகக் கைப்பற்றியவர் பட்டமில்லாத இந்தத் துணைவர்தான்.

வணிகக் கப்பல்களுக்கு வருவோம். பழந்தமிழில் மீகாமன் என்றும், பாரசீகத்திலிருந்து வந்த சொல்லால் நாகுதா என்றும் அழைக்கப்பட்டவரை இன்றைய கடல்சார் சட்டம் 'மாஸ்டர்' என்கிறது. துறைமுகத்தை நெருங்கும்போது, அந்த நீர்ப்பகுதியை நன்கறிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி, சுக்கானை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும், எஞ்சினை எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறார். குரல் பைலட்டுடையது என்றாலும் பொறுப்பு மாஸ்டரை விட்டு நீங்குவதில்லை. பைலட் சொல்வது ஆபத்தானது என்று கண்டால் மாஸ்டர் குறுக்கிட்டுத் தாமே ஆணையிடலாம். பெயர்பெற்ற விலக்கு பனாமா கால்வாய். அங்கே கப்பலைச் செலுத்தும் அதிகாரம் கால்வாயின் பைலட்டுக்கே உரியது, மாஸ்டர் அருகிலேயே நின்றாலும்.