போட் மெயிலின் அந்தக் கப்பல்

வணக்கம் நேயர்களே. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற போட் மெயிலில் உங்களில் பலர் போயிருப்பீர்கள். ரயிலுக்கு எதற்கு 'போட்' என்று பெயர்? அந்தக் கப்பலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து இலங்கைக் கரையில் இருக்கிற தலைமன்னாருக்கு சுமார் 35 கிலோமீட்டர் கடல். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயரில் மூன்று நீராவிக் கப்பல்கள்; பிற்பாடு இர்வின், கோஷன் வந்தன. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை போகலாம். கப்பல்துறையிலேயே ரயில் வந்து நிற்கும், இறங்கிக் கப்பலில் ஏற வேண்டியதுதான், அந்தக் கரையில் இன்னொரு ரயில் காத்திருக்கும். இரண்டு ரயிலையும் கோத்துவிடுவதுதான் கப்பலின் அன்றாட வேலை.

எல்லோருக்கும் இவ்வளவு லேசாக இல்லை. இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களை, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபத்தில் இறக்கி, காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் தங்க வைத்துத்தான் கப்பலேற்றினார்கள். அந்த ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். மண்டபம் கேம்ப், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

எங்கள் தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார். கையில் ஒரு ட்ரங்க் பெட்டி. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து அனுப்புவார்களாம். அப்பத்தாவுக்கு அந்தக் கோடுதான் முக்கியம். சீலை, சோப்பு எல்லாம் அப்புறம். முதலில் மூடியைத்தான் பார்ப்பாள், மனுஷன் கடல் தாண்டி வந்துவிட்டார் என்பதற்கு அவளுக்கு அதுதான் அத்தாட்சி. ஈரத்துணியால் அதைத் துடைக்க ஒருவரையும் விடமாட்டாள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெட்டியை நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பச்சைப் பெயிண்டில் கோடு மங்கலாக, இடது பக்கம் சரிந்து, நுனியில் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். அவசரமாகக் கிழித்த கை. பின்னால் இத்தனை பேர் வரிசையில் நின்றால் அவசரம் இருக்காதா?

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் என்ற கப்பல் ஓடியது, எண்பதுகளில் அதுவும் நின்றது. அதே 1964-இல், அக்டோபரில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி மலையகத்திலிருந்து, அதாவது இலங்கையின் மலைத் தோட்டப் பகுதியிலிருந்து, அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோரை ராமானுஜம்தான் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. வந்தவர்களை முதலில் தங்க வைத்த இடம் மண்டபம் கேம்ப்.