பழைய செவர்லே பிக்கப்: எந்த வருடத்துப் பாகம் எதில் ஏறும்?

(திரையில்: 1963 செவர்லே சி10, முன்பக்கம்)

இந்த வண்டியின் முன்கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு ஓரமும் வளைந்து பக்கவாட்டில் திரும்புகிறது. 1960-இல் வந்த அதே கேபின்தான். அப்படியானால் 1962 வண்டியின் முன் சஸ்பென்ஷனைக் கழற்றி இதில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். மாட்ட முடியாது.

(திரையில்: அதே வண்டி, அடியிலிருந்து)

1960 முதல் 1962 வரை, அமெரிக்காவில் விற்ற இரு சக்கர இயக்க செவர்லே பிக்கப்பில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. எடையைத் தாங்கியது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக் கொடுக்கும் நீளக் கம்பி. 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஃப்ரேமையே ஒதுக்கிவிட்டு, ஏணி மாதிரியான புதிய ஃப்ரேமைக் கொண்டுவந்தது. முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் வந்தது. ஆனால் கேபின் ஒரு வருடம் பழையபடியே இருந்தது. வளைந்த கண்ணாடி போனது 1964-இல்தான். ஆக, இந்த 1963 வண்டிக்குக் கதவும் கண்ணாடியும் 1962-இலிருந்து எடுக்கலாம். சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் 1964 பக்கம் போக வேண்டும். ஒரே வண்டிக்கு இரண்டு வருடக் கணக்கு!

இந்தக் குழப்பம் இத்தோடு முடியவில்லை. தகரம் மாறும் வருடமும் ஃப்ரேம் மாறும் வருடமும் இந்த வரிசையில் பல இடங்களில் ஒத்துப்போகாது.

(திரையில்: 1970 செவர்லே, 1970 ஜிஎம்சி, பக்கத்தில் பக்கத்தில்)

அடுத்து 1967 முதல் 1972 வரை. செவர்லேயும் ஜிஎம்சியும் ஒரே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகள், கேபினும் ஒன்றே. கிரில்லும் பெயர்ப்பலகையும்தான் வேறு என்று நினைப்போம். பின் ஆக்ஸிலைப் பாருங்கள். அரை டன் (சுமைத் திறனை வைத்துச் சொல்லும் இலகு வகை) செவர்லேயில் வழக்கமாக இருப்பது சுருள் ஸ்பிரிங். ஆக்ஸிலிலிருந்து நீளமான இரண்டு கைகள் முன்னோக்கி ஓடி, கேபினுக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் பிடித்துக்கொள்கின்றன. ஜிஎம்சியில் வழக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். கூடுதல் காசு கொடுத்து மாற்றி வாங்கியவர்களும் உண்டு, அதனால் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள், குனிந்து பாருங்கள்.

பட்டை வண்டியில் அந்தக் குறுக்குச் சட்டமும் இல்லை, சுருள் உட்காரும் இடமும் இல்லை. சுருள் வண்டியில் பட்டையைத் தொங்கவிடும் பிராக்கெட் இல்லை. ஆக்ஸிலை மட்டும் வாங்கிவந்தால் அது தரையில்தான் கிடக்கும். சட்டமும் பிராக்கெட்டும் சேர்த்து வாங்க வேண்டும். ரிவிட் தலையை கிரைண்டரில் சீவி எடுக்கப் பொறுமையும் வேண்டும். (அந்த நீளக் கைகளை லேசாக எண்ணவேண்டாம். நாஸ்கார் பந்தயக் கார்கள் பல பத்தாண்டுகள் ஓடியது இதே அமைப்பில்தான். அங்கே அதற்குப் பெயரே 'டிரக் ஆர்ம்'.)

(திரையில்: ட்ரம் பிரேக், பிறகு டிஸ்க் பிரேக்)

இனி பிரேக். 1970 வரை நான்கு சக்கரத்திலும் ட்ரம். 1971-இல் முன்னால் டிஸ்க் வந்தது. கூடவே, இரு சக்கர இயக்க அரை டன் வண்டியில் வீல் போல்ட் ஆறிலிருந்து ஐந்தானது. போல்ட் வட்டமும் ஐந்தரை அங்குலத்திலிருந்து ஐந்து அங்குலமாகச் சுருங்கியது. கேபின் மட்டும் அதேதான்.

பழைய வண்டிக்கு டிஸ்க் போட விரும்புகிறவர்கள், 1971 அல்லது 72 வண்டியின் முன் கிராஸ் மெம்பரை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை) சஸ்பென்ஷனோடு முழுசாக இறக்கி, 1963-70 ஃப்ரேமில் ஏற்றிவிடுகிறார்கள். போல்ட் போட்டால் உட்காரும். 1973-87 வண்டியிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் சில துளைகளைப் புதிதாகப் போட வேண்டும். எதில் எடுத்தாலும் முன்னால் ஐந்து போல்ட், பின்னால் ஆறு. ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்கு? பின் ஆக்ஸிலையும் மாற்றும்வரை இந்தக் கேள்வி தீராது.

நான்கு சக்கர இயக்க 'கே' வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் முன்னாலும் திட ஆக்ஸில். 1967 முதல் 87 வரை பட்டை ஸ்பிரிங். அரை டன் 'கே' 1971-க்குப் பிறகும் ஆறு போல்ட்தான்.

(திரையில்: நீள வண்டி, குட்டை வண்டி, டேப்)

நீளத்துக்கு வருவோம். 1967-72 அரை டன் குட்டை வண்டியில் சக்கர இடைவெளி 115 அங்குலம், நீள வண்டியில் 127. ஃப்ரேமை வெட்டிக் குட்டையாக்குகிறவர்கள் நடுவில் 12 அங்குலம் எடுக்கிறார்கள். சரக்குத் தொட்டியோ எட்டடியிலிருந்து ஆறரை அடி, அதாவது 18 அங்குலம் குறைகிறது. மீதியைப் பின் ஆக்ஸிலுக்கு அப்பால் வெட்ட வேண்டும். 1973-87-இல் 117.5, 131.5, நடுவில் வெட்டுவது 14 அங்குலம். ஒன்றின் அளவை வைத்து மற்றதை வெட்டினால் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது. தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும்.

1973-இல் எல்லாமே ஒரே நேரத்தில் மாறின: ஃப்ரேம், கேபின், சீட்டுக்குப் பின்னாலிருந்து ஃப்ரேமுக்கு வெளியே போன பெட்ரோல் டேங்க். பின்னால் செவர்லே, ஜிஎம்சி இரண்டிலும் பட்டைதான். முன் தகரம் மட்டும் 1981-இல் மாறியது. பானட் வாங்கும்போது இதை மறந்தால் போதும், காசு போச்சு.

கடைசியாக 1988. அந்த வருடம் பிக்கப் புது ஃப்ரேமுக்குப் போனது. ஆனால் சபர்பனும் (அதே வரிசையின் மூடிய, நீளமான பயணிகள் வண்டி), நான்கு கதவு பிக்கப்பும் பழைய ஃப்ரேமிலேயே 1991 வரை வந்தன. உங்களிடம் 1990 சபர்பன் இருந்தால், கடையில் 1990 பிக்கப்புக்கான பிரேக்கைக் கேட்காதீர்கள். 1987 வண்டியுடையதைக் கேளுங்கள்.