'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?
(தக்கலையில் பள்ளி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மக்களே, இங்கிலீஷ் வராது என்று பயப்படுகிற பிள்ளைகூட 'ரன்' என்றால் 'ஓடு' என்று சட்டென்று சொல்லிவிடும். சரி, இன்றைக்கு அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொள்வோம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்த வினைச்சொல்லைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர். இதற்கு மட்டும் அவருக்கு 9 மாதம் ஆனது, கடைசியில் 645 பொருள் தேறியது! முன்பு முதலிடத்தில் இருந்தது 'செட்'. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். 'ரன்' முந்தியதற்குப் பெரிய காரணம் இயந்திரங்கள். ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் புரோகிராம் என்று புதிதாக எது வந்தாலும் அது 'ரன்' ஆகத் தொடங்கிவிட்டது.

அந்த 645-ஐயும் மனப்பாடம் செய்யாதீர்கள், தயவுசெய்து. நம்ம 'ஓடு'வைக் கொஞ்சம் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகட்டுக்கு விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, பேச்சிப்பாறைத் தண்ணீர் சானலில் ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது, பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தால் ஒன்றுமே ஓட மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் யாராவது பட்டியல் போட்டு உங்களுக்குச் சொல்லித்தந்தார்களா? பக்கத்தில் நிற்கிற சொல்லை வைத்துத் தானாகவே பிடித்துக்கொண்டீர்கள். ரயில், தண்ணீர், படம் மூன்றுக்கும் ஆங்கிலத்திலும் 'ரன்'தான், ஆக பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாச்சு.

நம் பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடத்தில். நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. பஸ் ஓடியது, டிரைவர் பஸ்ஸை ஓட்டினார். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலையையும் 'ரன்' ஒன்றே செய்துவிடும். 'தி பம்ப் இஸ் ரன்னிங்' என்றால் பம்பு ஓடுகிறது, 'ரன் தி பம்ப்' என்றால் பம்பை ஓட்டு. அதனால்தான் 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்பதைப் பார்த்ததும் 'அவள் கடைக்கு ஓடுகிறாள்' என்று எழுதத் தோன்றுகிறது. கடைக்கு ஓடினால் நடுவில் ஒரு 'டு' வந்திருக்கும். 'டு' இல்லையே, அப்போ அவள் கடை நடத்துகிறாள்.

அப்புறம், பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொற்கள். இதில்தான் பொருளே புரண்டுவிடுகிறது. கிரிக்கெட்டில் 'ரன் அவுட்' எல்லோருக்கும் தெரியும். 'வி ரேன் அவுட் ஆஃப் சுகர்' என்றால் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோச்சு. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பழைய டீச்சரை எதிர்பாராமல் பார்த்தால் 'ஐ ரேன் இன்டு மை டீச்சர்' என்று சொல்லலாம். அதே 'ரன் இன்டு', கார் மரத்தில் மோதினாலும் வரும். மற்றபடி மூக்கு ஒழுகுவது, தேர்தலில் நிற்பது, பத்திரிகையில் செய்தி போடுவது எல்லாவற்றுக்கும் இதே 'ரன்'தான், அவை படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நோட்டில் 'ரன் – ஓடு' என்று எழுதி வைக்காமல், எந்த வாக்கியத்தில் பார்த்தீர்களோ அந்த வாக்கியத்தை முழுசாக, முன்னாலும் பின்னாலும் நிற்கிற சொற்களோடு எழுதி வையுங்கள். சரி, இனி நீங்கள் கேளுங்கள்.