சுரைக்காய் 70 கலோரி, பொரியல் 580 கலோரி!

[காட்சி: தராசில் அரை கிலோ சுரைக்காய். பக்கத்தில் எண்ணெய் பாக்கெட், ஒரு மூடி தேங்காய்]

அரை கிலோ சுரைக்காய். மொத்தமே 70 கலோரிதான். 100-க்கு 95 பங்கு தண்ணி. இதைப் பொரியல் பண்ண வாணலியில 3 மேசைக்கரண்டி எண்ணெய் ஊத்துறோம், அது 360 கலோரி. இறக்கும்போது தேங்காய்த்துருவல் 40 கிராம், இன்னொரு 150. ஆக, 580. "காய்தான் சாப்பிடுறேன், ஆனாலும் எடை இறங்கல"ன்னு சொல்றவங்க முதல்ல தாளிக்கிற கரண்டியைத்தான் பாக்கணும்.

மாவுச்சத்து, புரதம் ரெண்டுமே கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு 9. தண்ணிக்கும் உப்புக்கும் கலோரியே கிடையாது. எடை குறைக்கிற தட்டுல தண்ணியும் நார்ச்சத்தும் நிறைய இருக்கணும், எண்ணெய் அளவோட இருக்கணும்.

[காட்சி: அதே அரை கிலோ சுரைக்காய், மூடி போட்ட வாணலி]

இப்ப அதே பொரியலை மாத்திப் பண்ணலாம். 2 மேசைக்கரண்டி பாசிப்பருப்பை 20 நிமிஷம் ஊற வைங்க. 2 தேக்கரண்டி நல்லெண்ணெயில கடுகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, காயும் பருப்பும் உப்பும் போட்டு மூடிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, உப்பு பட்டதும் காயே தண்ணி விடும். சின்னத் தீயில 10 நிமிஷம். பிறகு மூடியைத் திறந்து ஈரத்தை வத்த விட்டு, ஒரே ஒரு மேசைக்கரண்டி தேங்காய். மொத்தம் 270 கலோரிக்குள்ள வரும், நாலு பேருக்கு. பருப்பால 6 கிராம் புரதமும் சேருது.

எங்க தப்பாகும்னா, மூடாம பெருந்தீயில வதக்கும்போது. அடி பிடிக்கும், உடனே கை தானா எண்ணெய்ப் பக்கம் போகும். கத்தரிக்காய் இன்னும் மோசம். உள்ள பஞ்சு மாதிரி இருக்கிறதால ஊத்தின எண்ணெயை எல்லாம் குடிச்சிடும். ஆவியில பாதி வேக வச்சிட்டு அப்புறம் வதக்குங்க. வெண்டைக்காயைக் கழுவி, துணியால துடைச்சு, ஈரம் போனதும் நறுக்கினா வழவழப்பு குறையும். அதைப் போக்கக் கூடுதல் எண்ணெய் தேவைப்படாது.

அதுக்காக எண்ணெயே வேண்டாம்னு போகாதீங்க. கீரையில இருக்கிற கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்போட சேர்ந்தாத்தான் உடம்புல நல்லா சேரும். ஒரு தேக்கரண்டி போதும்.

[காட்சி: முருங்கைக்கீரை உருவும் கை, பக்கத்தில் எலுமிச்சை]

கலோரி குறைவா இருந்தா மட்டும் போதுமா? போதாது, அதுல சத்தும் இருக்கணும். முருங்கைக்கீரை 100 கிராமுக்கு ஏறக்குறைய 65 கலோரி, புரதம் மட்டும் 6 கிராமுக்குக் குறையாது. இறக்கினதும் எலுமிச்சை பிழிஞ்சா கீரையில இருக்கிற இரும்புச்சத்து நல்லா உடம்புல சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா சரியா சேராது, ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க. பழத்துல கொய்யா: 100 கிராம் 68 கலோரி, வைட்டமின் சி ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. கடிச்சுச் சாப்பிடுங்க. ஜூஸாக்கி வடிகட்டினா நார் போயிடும், சர்க்கரை அப்படியே இருக்கும்.

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு சொல்லுவாங்க. கொள்ளு கொழுப்பைக் கரைக்கிறதில்லை. காய்ஞ்ச கொள்ளு 30 கிராம் 100 கலோரிதான், ஆனா 6 கிராமுக்கு மேல புரதம், நார் வேற. அதனால சீக்கிரம் பசிக்காது. ராத்திரி ஊற வச்சு, குக்கர்ல நல்லாக் குழைய விட்டுக் கடைஞ்சு சாப்பிடுங்க. தண்ணியை மட்டும் ரசம் வச்சுட்டுப் பருப்பை ஒதுக்கினா புரதத்தைத்தான் ஒதுக்குறோம்.

சிறுதானியத்துக்கு மாறினா இளைச்சிடலாம்ங்கிறது இன்னொரு நம்பிக்கை. தினையும் சாமையும் கலோரியில அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம்தான். நார் கூடுதல், அவ்வளவுதான். அளவு பாக்காம சாப்பிட்டா தராசு முள் அசையாது.

[காட்சி: தட்டு. பாதி காய், கால் சோறு, கால் பருப்பு அல்லது மீன்]

மதியத் தட்டுல ஒரு கப் சோறு, அதாவது 150 கிராம், 200 கலோரிக்குப் பக்கம். முதல்ல காயையும் பருப்பையும் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துக்கு வாங்க. ரெண்டாவது தடவை சோறு கேக்கறது தானா குறையும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம்.

ரெண்டு எச்சரிக்கை. சுரைக்காயை நறுக்கினதும் ஒரு துண்டை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா மொத்தத்தையும் தூக்கிப் போடுங்க. கசப்பான சுரைக்காய் ஜூஸ் குடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு. அடுத்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேக்காம சாப்பாட்டை மாத்தாதீங்க.

[காட்சி: எண்ணெய் பாக்கெட்டில் மார்க்கரால் தேதி எழுதும் கை]

கடைசியா ஒரு கணக்கு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, ஒரு ஆளோட ஒரு நாள் 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம்தான். மாசத்துக்கு 810 கிராம். ஒரு லிட்டர் பாக்கெட்டுல இருக்கிறதே 910 கிராம். நாலு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு 3½ லிட்டர், வெண்ணெய் நெய் எல்லாம் சேத்து. பாக்கெட்டைப் பிரிக்கிற அன்னிக்கே அது மேல தேதியை எழுதிடுங்க, எத்தனை நாள்ல தீருதுன்னு தெரிஞ்சிடும்.