பெட்டியின் சாவி யாரிடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் அரசுப் பள்ளியை எப்படி நிர்வகிப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, அப்பா ஒரு தகரப் பெட்டியோடு என்னை அப்படி ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார். பிற்பாடு வேறோர் ஊரில், அதே மாதிரி அரசுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். விடுதிப் பாயில் படுத்ததும் உண்டு, விடுதிக் கணக்கில் கையெழுத்துப் போட்டதும் உண்டு. இரண்டையும் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு பள்ளத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

விடுதிக்கும் வகுப்பறைக்கும் நடுவில் குழாய் பதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சாயங்காலம் தோண்டிவிட்டு, இரண்டு பக்கமும் கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, ‘பணி நடைபெறுகிறது’ என்று ஒரு பலகையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தப் பாதையில் கோல் இல்லாமலே ஓடுவார்கள். வேப்பமரத்தடியில் தரை சற்று மேடாகும், அங்கிருந்து இடதுகைப் பக்கம் திரும்பினால் வகுப்பறைப் படி. காலுக்கே வழி தெரியும். மறுநாள் முதல் மணி அடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்தான். ரிப்பன் அறுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. தாடையில் ஐந்து தையல்.

வேலை எடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “போர்டு வச்சிருந்தோமே சார்” என்றார். அவர் ஏமாற்றவில்லை. எல்லா இடத்திலும் அதுதான் நடைமுறை. ஆனால் அந்தப் பலகையைப் படிக்க முடியாதவர்கள் மட்டுமே நடக்கும் பாதை அது என்பது, மதிப்பீடு போட்டவர் முதல் மண்வெட்டி பிடித்தவர் வரை ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. அன்றைக்கு ஒரு விதி வைத்தோம். வளாகத்தில் ஒரு பெஞ்சை நகர்த்தினாலும் காலை வழிபாட்டில் அதைச் சொல்ல வேண்டும். பள்ளம் என்றால் இடுப்பளவுக்குக் கட்டை அடித்து, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கவைக்க வேண்டும். கால் மணி நேர வேலை. நான் கேட்டுத் தெரிந்துகொண்ட எந்த அரசாணையிலும் இப்படி ஒரு வரி இல்லை.

சரி, இந்தப் பள்ளிகள் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பூவிருந்தவல்லியில் இருப்பது, தஞ்சாவூரில் இருப்பது, திருச்சி புத்தூரில் பெண் பிள்ளைகளுக்காக இருப்பது ஆகிய மேல்நிலைப் பள்ளிகளும், வேறு சில மாவட்டங்களில் இருக்கும் சிறிய பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்துபவை. தலைமையாசிரியர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், சென்னையில் ஆணையர் என்று கோப்பு மேலே போகும். சோறு, துணி, விடுதி, ஆசிரியர் நியமனம் எல்லாம் இந்தப் பக்கம். பாடத்திட்டம், பாடநூல், பொதுத்தேர்வு எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் பக்கம். சிறப்பு ஆசிரியருக்கு இதோடு இன்னொன்றும் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஒரே குழந்தை ஒரு துறையின் பதிவேட்டில் ‘பயனாளி’, இன்னொரு துறையின் பதிவேட்டில் ‘மாணவர்’. இது வெறும் சொல் விஷயம் இல்லை. பயனாளிக்கு ஏதாவது கொடுத்தால் போதும். கோப்பு முடிந்துவிடும். மாணவருக்கு இந்த வருஷம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டாக வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் அரிசி மூட்டையை எண்ணினார்கள், படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் எத்தனை வார்த்தை படிக்கிறாள் என்று என் பணிக்காலம் முழுக்க ஒரே ஒருவர்தான் கேட்டார். அவரும் பார்வையற்ற அதிகாரி.

அப்படியானால் இந்தப் பள்ளிகளைக் கல்வித் துறைக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பல்லாயிரம் பள்ளிகளைக் கட்டி மேய்க்கும் துறையில், விரல்விட்டு எண்ணக்கூடிய எங்கள் பள்ளிகள் எந்த மூலையில் கிடக்கும் என்ற பயம் அது. துறை எதுவானாலும் இருக்கட்டும். இரண்டு துறையும் ஒரு மேசையில் உட்கார ஒரு நாள் வேண்டும். அந்த நாள் பள்ளி திறப்பதற்கு முன்னால் வர வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், புத்தகம். பாடத்திட்டம் மாறிய ஓர் ஆண்டு, பொதுப் பள்ளிப் பிள்ளைகள் ஜூன் மாதமே புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் கைக்கு பிரெயில் புத்தகம் வந்தபோது காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. அதுவரை நான் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுப் பாடம் நடத்தினேன்; பிள்ளைகள் பலகையில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக் குத்தி எழுதிக்கொண்டார்கள். தாளின் பின்பக்கம் புள்ளி எழும்பும், திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் சிவந்துவிடும்.

அச்சுப் புத்தகம் ஒன்று, பிரெயிலில் கெட்டித் தாளில் பல பாகங்களாக வரும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கினால் புள்ளி அமுங்கிப்போகும். நிறுத்திவைக்கத்தான் வேண்டும். ஈரம் ஏறினாலும் புள்ளி தளர்ந்துவிடும். ஆகவே பிரெயில் நூலகத்துக்கு ஓதம் இல்லாத, பெரிய அறை வேண்டும். வேண்டாத சாமான் போடும் அறையைக் கொடுத்துவிட்டு நூலகம் என்று பெயர் எழுதினால் இரண்டு மழைக்காலத்தில் புத்தகங்கள் வெறும் தாளாகிவிடும். நான் அப்படி வெறும் தாளான ஒரு வரலாற்றுப் புத்தகத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அட்டையில் மட்டும் புள்ளி இருந்தது.

இந்தத் தாமதத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. பாடநூலின் கணினிக் கோப்பு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் இருந்தால், மென்பொருள் அதை பிரெயிலாக மாற்றிவிடும். பிழை திருத்தினால் போதும். பழைய எழுத்துருவில் இருந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் எனக்கு வந்த சுற்றறிக்கைகளில் பாதி, கையெழுத்துப் போட்ட தாளைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியவை. என் கைப்பேசி எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும், படத்தைத் தொட்டால் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். என் பள்ளியைப் பற்றிய ஆணையை என் மகளை எழுப்பிப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்ட இரவுகள் நிறைய. அரசு வேலையில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதில் பார்வைக் குறைபாட்டுக்கு 1 சதவீதம் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. அந்த வேலைக்கு வரும் காகிதமும் படிக்கிற மாதிரி வர வேண்டும் இல்லையா?

இது இன்றைக்கு வந்த சிக்கல் இல்லை. பாரிஸில் வாலந்தீன் ஹாவி தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியை 1791இல் அரசு எடுத்துக்கொண்டது. உலகத்தில் எங்களுக்கான முதல் அரசுப் பள்ளி என்றே அதைச் சொல்லலாம். அங்கே படித்த லூயி பிரெயில், 1824இல், பதினைந்து வயதில் இந்த ஆறு புள்ளி முறையை உருவாக்கினார். பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனார். அப்போதைய இயக்குநர் பின்யே ஆதரவாக இருந்தார். 1840இல் அவரை வெளியேற்றிவிட்டு துய்ஃபோ என்பவர் இயக்குநராக வந்தார். அவர் பிரெயில் முறையைத் தடை செய்தார். பார்வையுள்ளவர்கள் படிக்கும் எழுத்தையே மேடாக அச்சிட்டுத் தடவச் சொன்னார்கள். அது பார்க்கிறவர்களுக்குச் சுலபம், தடவுகிறவர்களுக்குப் பாடு. பிள்ளைகள் கேட்கவில்லை. ஒளித்துவைத்து எழுதினார்கள். கடைசியில் துணை இயக்குநர் குவாதே எடுத்துச் சொல்ல, துய்ஃபோவும் மனம் மாறினார். 1844இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் பிரெயிலை எழுதிக் காட்டினார்கள். அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். லூயி பிரெயில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

துய்ஃபோவை நான் கெட்ட மனிதராக நினைக்கவில்லை. அவர் விரலால் ஒரு பக்கம்கூடப் படிக்க வேண்டியிராதவர், அவ்வளவுதான். முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருந்தார், படிக்கிறவர்கள் இல்லை.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் இந்த விஷயத்தில் சட்டத்திலேயே ஒரு வேலை செய்திருக்கிறது. ஆஸ்டின் நகரில் 1856 முதல் நடக்கும் அவர்களுடைய அரசுப் பள்ளிக்கு ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு. மாநில ஆளுநர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. ஒன்பதில் மூவர் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும், மூவர் பார்வையற்ற குழந்தையின் பெற்றோராக இருக்க வேண்டும், மூவர் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். இன்னொன்றும் அங்கே எனக்குப் பிடித்தது. வருஷம் முழுக்கத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பள்ளி இல்லை. தங்கள் ஊர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் குறுகிய காலம் வந்து தங்கி, தேவையானதைக் கற்றுக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

நம் ஊரில் அது இப்போது மிகவும் தேவை. பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பியதில் 6 வயது முதல் 18 வயது வரை இலவசமாகப் படிக்கலாம் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. நிறையப் பெற்றோர் பக்கத்துப் பள்ளியையே தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மா கைச் சோறு சாப்பிட்டு வளரட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே பிரெயில் சொல்லித்தர நாள்தோறும் ஆள் இருப்பதில்லை. அந்தப் பிள்ளை கோடை விடுமுறையில் ஒரு மாதம் எங்கள் பள்ளிக்கு வந்து பிரெயிலும், கோல் பிடித்து நடக்கவும், கணினியும் கற்றுக்கொண்டு போகலாமே. கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், சமையலறை இருக்கிறது. அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, ‘சேர்க்கைப் பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு உணவுச் செலவு அனுமதிக்க இயலாது’ என்று பதில் வந்தது.

அப்புறம் பெற்றோர். கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து மாவட்டம் தள்ளி இருக்கிறவர்கள், அநேகமாகக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மாதத்தின் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் யார் வருவார்? விடுமுறை முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடும் நாளில் கூட்டத்தை வைத்தோம். பேருந்துக் களைப்போடு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கூட்டங்களில்தான் எனக்கு நிஜமான சேதிகள் கிடைத்தன.

கடைசியாகப் புகார்ப் பெட்டி. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்தில் இது விளையாட்டு இல்லை. எங்கள் பள்ளியிலும் ஒரு பெட்டி தொங்கியது. வருஷக்கணக்கில் காலியாகவே இருந்தது. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஐயா, நாங்க பிரெயில்லதான் எழுதுவோம். அதப் படிக்கத் தெரிஞ்சவங்க இந்தப் பள்ளிக்கூடத்து ஆளுங்க மட்டும்தானே?”

எனக்குப் பதில் வரவில்லை. பார்வையுள்ள பிள்ளையின் கடிதத்தை வெளியாள் யாரும் படித்துவிடலாம். இவள் எழுதினால், யாரைப் பற்றி எழுதுகிறாளோ அவரிடமே அது வாசிக்கக் கொடுக்கப்படலாம். நானும் பிரெயில் படிப்பவன்தான். ஆனால் அவளுக்கு நான் தலைமையாசிரியர்.

அந்த வாரமே விடுதித் தொலைபேசியின் பக்கத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிரெயிலில் ஒட்டினோம். பெட்டிக்குப் புதுப் பூட்டு போட்டு, சாவியை எங்கள் பள்ளியில் படித்து இப்போது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். பள்ளியில் வேறு சாவி வைத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை வந்து அவரே திறப்பார்.

முதல் மாதம் மூன்று தாள் இருந்தது. ஒன்றில் இட்லி ஆறிப்போய் வருகிறது என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்று இருந்தது. இரண்டையும் குழுவில் சத்தமாக வாசித்தார். மூன்றாவதை வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மடித்த தாளை என் கையில் வைத்தார். நான் விரலால் படித்தேன். நான்கு வரிகள். அன்று இரவு விடுதிப் பணியாளர் ஒருவர் வேலைக்கு வரவில்லை. சாயங்காலமே அவரை வெளியே அனுப்பிவிட்டு, காவல் நிலையத்துக்கு நானே போயிருந்தேன்.

வணக்கம்.