பனிக்காலத்தில் தோல் வறட்சி: எண்ணெயை எப்போது தேய்ப்பது?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு நேயர் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தாயாருக்கு வயது 68. மார்கழி பிறந்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்துச் செதில் செதிலாக உரிகிறது. இரவில் அரிப்பு தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நாள்தோறும் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்த்தும் குறையவில்லை, வேறு எண்ணெய்க்கு மாற வேண்டுமா என்று கேட்கிறார்.

தேங்காய் எண்ணெயே போதும். ஆனால் அதைக் குளித்த பிறகு தேய்க்க வேண்டும். முன்னால் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சோப்பையோ சீயக்காயையோ போட்டுக் கழுவும்போது, தேய்த்த எண்ணெயோடு தோலுக்குச் சொந்தமான எண்ணெய்ப்பசையும் சேர்ந்து போய்விடுகிறது.

தோலின் மேலடுக்கில் உயிரற்ற செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் இருக்கின்றன; அவற்றுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப்பொருள்கள் சாந்து போலப் பூசப்பட்டு, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கின்றன. பனிக்காலத்தில் காற்றில் ஈரம் குறையும்போது தோலிலிருந்து நீர் வேகமாக ஆவியாகிறது. வயதானவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பும் குறைந்துவிடும். அதிலும் கீழ்க்காலின் முன்பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பாகவே குறைவு என்பதால், பெரும்பாலோருக்கு வறட்சி முதலில் அங்கேதான் தெரிகிறது. நகத்தால் லேசாகக் கீறினாலே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைக் கோடு விழுந்தால், அந்தத் தோலுக்கு ஈரம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே குளியலிலிருந்தே தொடங்குங்கள். வெந்நீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவாக, வெதுவெதுப்பாக விளாவிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து நிமிடங்களுக்குள் குளித்து முடித்துவிட வேண்டும். சாதாரண சோப்பு காரத்தன்மை மிக்கது, அதன் பி.எச். (அமில-காரத்தன்மையைக் காட்டும்) அளவு 9 முதல் 10 வரை இருக்கும், தோலின் இயல்பான அளவோ 5-ஐ ஒட்டியது. அதனால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டால் போதும்; காலுக்கும் கைக்கும் நாள்தோறும் தேவையில்லை. பீர்க்கங்கூடும் கல்லும் கொண்டு தேய்ப்பதை இந்த மாதங்களில் அறவே விட்டுவிட வேண்டும். செதிலைத் தேய்த்து எடுத்தால் அழுக்கு போனதுபோல் தோன்றும், மறுநாள் அந்த இடம் இன்னும் மோசமாக வெடித்திருக்கும்.

குளித்தவுடன் துண்டால் அழுத்தித் துவட்டாமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள் எண்ணெயைத் தடவுங்கள். இந்தப் பதில் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஈரத்தின் மேல் தடவும் எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். காய்ந்த தோலில் தடவினால் மேலே வழவழப்பு மட்டுமே மிஞ்சும். தேங்காய் எண்ணெயைவிட உறுதியாக நீரிழப்பைத் தடுப்பது வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் கிளிசரின் கலந்த கிரீமைப் பயன்படுத்தலாம். இரவு படுக்கப் போகும் முன் கால்களை நனைத்து ஒற்றி மீண்டும் ஒருமுறை தடவினால் அரிப்பு பெரிதும் அடங்கும். ஜெல்லியோ எண்ணெயோ ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்படியில் நிற்கும் தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும்.

செதில் தடிப்பாக இருந்தால் 10 சதவீத யூரியா கலந்த கிரீம் நல்ல பலன் தரும். வெடிப்பும் புண்ணும் உள்ள இடத்தில் அது எரியும். அங்கே ஆறும்வரை ஜெல்லி மட்டும் போடுங்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் வறட்சி தீரும் என்று பலர் சொல்கிறார்கள். உடலுக்குத் தேவையான தண்ணீரைக் குடிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு மேல் குடிப்பதால் காலில் உள்ள செதில் போகாது.

அரிப்புக்கு என்று கேட்டு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாளில் அரிப்பு நின்றதுபோல் இருக்கும்; தொடர்ந்து போட்டால் ஏற்கெனவே மெலிந்திருக்கும் முதியவரின் தோல் மேலும் மெலிந்துவிடும்.

தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பதை நேயர் குறிப்பிடவில்லை. இருந்தால் பாதங்களையும் குதிகால் பித்தவெடிப்பையும் நாள்தோறும் பாருங்கள். வெடிப்பைப் பிளேடால் செதுக்கக் கூடாது, விரல் இடுக்குகளில் எண்ணெய் தங்கவும் கூடாது. வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு இருந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. இரண்டு மூன்று வாரங்கள் இப்படிச் செய்தும் அரிப்பு குறையாவிட்டால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். கால் சிவந்து, வறண்ட குளத்து மண் போல் வெடித்து நீர் கசிந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.