கடைசி முட்டையில் இருக்கும் குஞ்சு

நேயர்களுக்கு வணக்கம்.

கோழி முட்டை பொரிக்க 21 நாள். அடைக்கோழிக்குக் கீழே வைத்தாலும், முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்க வைக்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைத்தாலும் கணக்கு அதுதான். ஒன்றிரண்டு 20-ஆம் நாளே எட்டிப் பார்க்கும், ஒன்றிரண்டு 22-க்கு இழுக்கும். குஞ்சு பொரிக்க வைத்தவர்களுக்கு அந்தக் கடைசி நாள் நன்றாக நினைவிருக்கும். மற்ற குஞ்சுகள் உலர்ந்து, பஞ்சு உருண்டைகளாக ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரே ஒரு முட்டை. அதில் சின்னதாக ஓர் உடைசல், உள்ளிருந்து மெல்லிய கீச் சத்தம். காலையில் பார்த்தோம், மதியம் பார்த்தோம், ராத்திரியும் அதே உடைசல்தான். நம் கை பரபரக்கும்.

அந்தக் கையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நான் கோழி வளர்க்க ஆரம்பித்த புதிதில், உடைசல் விழுந்து ஆறு மணி நேரம்கூட ஆகாத ஒரு முட்டையைக் கையில் எடுத்தேன். உள்ளே மூச்சு முட்டுகிறதோ என்று பயம். நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன், சுலபமாக வந்தது. அதற்கடியில் இருந்த சவ்வைக் கிழித்தேன். அடுத்த நொடி விரல் நுனியில் ரத்தம். ஒரு துளி, அப்புறம் இன்னொரு துளி. அந்தச் சின்ன உடம்பில் இருப்பதே எத்தனை துளி? அரை மணி நேரத்தில் கீச் சத்தம் நின்றுவிட்டது. விட்டிருந்தால் தானாகவே வந்திருக்கும். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. முட்டையின் அகன்ற முனையில் கொஞ்சம் காற்று இருக்கும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஒரு பக்கம் குழிந்திருக்குமே, அந்த இடம்தான். குஞ்சு முதலில் அங்கே அலகை நீட்டித் தன் முதல் மூச்சை விடுகிறது. அப்புறம் அலகின் மேல் முளைத்திருக்கும் முட்டைப்பல்லால் தட்டித் தட்டி ஓட்டில் உடைசல் போடுகிறது. அதன் பிறகு நீண்ட ஓய்வு. 12 மணி நேரம் ஆகலாம், 18 ஆகலாம், சில சமயம் 24-கூட ஆகும். வெளியே இருந்து பார்த்தால் சும்மா கிடப்பது போலத் தெரியும். உள்ளேயோ, சவ்வில் ஓடிய ரத்தம் உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேலை முடிந்த பிறகுதான் குஞ்சு மெல்லத் திரும்பித் திரும்பி ஓட்டை வட்டமாக உடைத்துக்கொண்டு வரும். நடுவில் நாம் கிழித்தால், இன்னும் ரத்தம் ஓடும் சவ்வைத்தான் கிழிக்கிறோம்.

அதனால் பொறுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பொறுங்கள்.

சரி, உதவவே கூடாதா? உதவ வேண்டிய குஞ்சும் உண்டு. உடைசல் விழுந்து ஒரு முழு நாள் தாண்டியும் அசைவில்லை, உடைசலின் ஓரத்தில் தெரியும் சவ்வு காய்ந்து காகிதம் போல வெளுத்துவிட்டது என்றால், குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் கிடக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இதற்கு நாமே காரணம். கடைசி மூன்று நாள் இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். ஆசை தாங்காமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் அந்த ஈரமெல்லாம் போய்விடும்.

அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு குஞ்சுதான் என்னை இந்தப் பேச்சுக்கே கொண்டுவந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குத் துளையில் படாமல், சவ்வை ஈரமாக்கினேன். ஈரமானதும் சவ்வு கண்ணாடி போல ஆகும், உள்ளே சிவப்பு நரம்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தது. அப்படியே நிறுத்தி, ஈரத் துணியைப் பக்கத்தில் வைத்து மூடிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் நரம்பு வற்றியிருந்தது. அகன்ற முனையில் தொப்பியைக் கழற்றுவது போல ஓட்டை மட்டும் எடுத்தேன். மீதியை அதுவே உதைத்துக்கொண்டு வரட்டும் என்று விட்டேன். வந்துவிட்டது.

வந்த கோலத்தைச் சொல்கிறேன். உடம்பெல்லாம் பசை பூசியது போல மயிர் ஒட்டிக் கிடந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் முழு உடம்பும் ஏறி இறங்கியது. கால் விரல்களைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தொப்புளில் கறுப்பாக ஒரு நூல் துணுக்கு காய்ந்து தொங்கியது. அந்தத் துணுக்கை யாரும் இழுத்துவிடாதீர்கள். அது தானாக விழும். இழுத்தால் குடலோடு சேர்ந்து வரும் அபாயம் உண்டு. தொப்புள் இன்னும் மூடவில்லை என்றால் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தை ஒரு துளி தொட்டுவைத்தால் போதும்.

இந்த நிலையில் பார்க்கிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பசிக்குமே, ஏதாவது ஊட்டலாமே என்பதுதான். வேண்டாம். முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அதற்கும் அப்புறம்தான் தீவனம். உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குச் செரிமானம் நடக்காது, ஊட்டியது உள்ளேயே தங்கிக் கெடும். இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு வயிற்றில் இருக்கிறது. இரண்டு நாள் வரைக்கும் அது தாங்கும். பசியால் அது சாகப்போவதில்லை, குளிரால் சாகும்.

அதனால் அந்தக் குஞ்சை இன்குபேட்டரிலேயே 37.5 டிகிரியில் விட்டுவைத்தேன். முழுதாக உலர்ந்து, மயிர் பொசுபொசுவென்று ஆகும்வரை வெளியே எடுக்கவில்லை. பிறகு பல்பு வைத்த பெட்டி. முதல் வாரம் 35 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். நல்ல குஞ்சுக்குச் சூடு அதிகமானால் தள்ளிப் போய்விடும். பலவீனமான குஞ்சால் நகர முடியாது. பல்புக்கு நேர் கீழே படுக்க வைத்துவிட்டுப் போனால் அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பெட்டியின் நடுப்பகுதியில் படுக்க வைத்து, அடிக்கடி வந்து பாருங்கள். சத்தத்தையும் கேளுங்கள். வீல் வீலென்று விடாமல் கத்தினால் குளிருகிறது அல்லது தனிமை. முணுமுணுப்பது போலச் சின்னதாகக் குரல் கொடுத்தால் சுகமாக இருக்கிறது.

தனிமை என்றேன். மற்ற குஞ்சுகளோடு உடனே விட்டால் மிதிபடும், தொப்புளைக் கொத்திவிடும். தனியாகவே வைத்தாலோ கத்திக் கத்தியே சோர்ந்துபோகும். நடுவில் ஒரு கம்பி வலை வைத்து, அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் விடுங்கள். சாதுவான ஒரு குஞ்சை அதற்குத் துணையாக விட்டாலும் சரிதான். என் குஞ்சு அந்த வலையை ஒட்டியேதான் தூங்கியது.

தண்ணீர் கொடுக்கும்போது வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை கரைத்து, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, அலகின் ஓரத்தில் தொட்டால் போதும். தானே விழுங்கும். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு துளி. சர்க்கரைத் தண்ணீர் முதல் நாள் மட்டும், அப்புறம் வெறும் தண்ணீர். என்னுடைய குஞ்சு நாலாவது துளிக்குத் தலையைத் தூக்கி, அண்ணாந்து விழுங்கியது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். பக்கத்தில் பேச ஆளில்லை, இருந்திருந்தால் எழுப்பியே சொல்லியிருப்பேன்.

கால் தரையில் ஊன்ற ஆரம்பித்ததும் தீவனத்தை நனைத்து முன்னால் வைத்து, விரலால் தட்டிக் காட்டுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. கால் அகட்டிப்போவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கும். சொரசொரப்பான துணி போடுங்கள். அப்படியும் கால் இரண்டு பக்கமும் விலகிப் போனால், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை மெல்லிய நாடாவாக வெட்டி, நிற்கும்போது கால்களுக்கு இயல்பாக இருக்கும் இடைவெளி விட்டு, இரண்டையும் சேர்த்து இறுக்காமல் கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கட்ட வேண்டும். எலும்பு இளசாக இருக்கும்போதுதான் திரும்பும். நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்து, விரல் வீங்கியிருந்தால் தளர்த்திக் கட்டுங்கள். பின்பக்கத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீர்ப் பஞ்சால் ஊற வைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள். துடைத்த பிறகு மறுபடியும் சூட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஈரத்தோடு விட்டுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.